குருக்களுக்கு ஹார்னஸ் கட்டிய கதை

ஓய்வுபெற்ற முதற் கிழமையே மனைவி என்னைக் கூரையில் ஏற்றிவிட்டாள். மெல்பேர்ண் ஓரத்துக் கிரான்பர்னில் எங்களுடையது மாடியில்லாத வீடு. கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் முன்பக்கத்துப் பீலியில் இலை அடைத்துப்போய், மழை பெய்தால் தண்ணீர் நேரே வாசற்படியில் கொட்டும். "இவ்வளவு காலமும் ஊரார் கூரையெல்லாம் பாத்தனீங்கள். எங்கட பீலியை ஒருக்காப் பாருங்கோவன்" என்றாள். பார்த்தேன். ஆனால் என் வழக்கப்படி பார்த்தேன். ஏணியை மேலும் கீழும் இறுக்கிக் கட்டினேன். நடைபாதையில் செம்மஞ்சள் கூம்புகள் இரண்டு வைத்தேன். உடம்பில் ஹார்னஸ் பட்டிகளைப் பூட்டி, முகட்டில் நானே முன்பு பொருத்திய வளையத்தில் கயிற்றைக் கொளுவி, மனைவியைக் கையில் போனுடன் கீழே நிறுத்திவிட்டுத்தான் பீலியில் கை வைத்தேன். எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்து பார்த்தார். பார்த்ததோடு நில்லாமல் வீடியோவும் எடுத்துவிட்டார்.

அந்த வீடியோ எப்படியோ சுற்றி, உயரத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்துகொடுக்கும் என் பழைய கொம்பனிக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் நிலானி போன் எடுத்தாள். நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான்.

"அங்கிள், மாடியில்லாத வீட்டுக்கு ஹார்னஸா? யூ ஆர் டூ மச்!"

"இடுப்பு முறியிறதுக்கு இந்த உயரம் காணும் பிள்ளை" என்றேன்.

சிரித்து முடித்துவிட்டு, "நீங்கள் ஒரு ஐயருக்கும் ஹார்னஸ் கட்டினீங்களாமே, உண்மையா? இங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம்" என்றாள். ஒருவர் சொன்ன கதையில் குருக்கள் தலைகீழாகத் தொங்கினாராம். இன்னொருவர் கதையில் நான் மேலே நின்று தேவாரம் பாடினேனாம். கத்தோலிக்கனான எனக்குத் தேவாரம் பாடத் தெரிந்தால் அதை ஏன் மறைக்கப்போகிறேன்? நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது நல்லது என்று அப்போதுதான் தோன்றியது.

நான் மன்னார்க்காரன். பெயர் சூசை. முதலில் வந்து இறங்கியது சிட்னியில். ஹோம்புஷில் இரண்டு அறை ஃபிளாட்டில் ஐந்து பேர் இருந்தோம். அதில் ஒருவர் கூரை வேலைக்காரர். அவர் பின்னால் போய் ஓடு சுமந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த பயிற்சி, "கீழை பாக்காதை" என்று அவர் சொன்ன இரண்டு சொற்கள்தான். கல்யாணம் கட்டி மெல்பேர்ணுக்கு வந்த பிறகு முறையாகப் படித்தேன். உயரத்தில் பாதுகாப்பாக வேலை செய்வதற்கு இரண்டு நாள் வகுப்பு, முடிவில் ஒரு அட்டை. அட்டை கைக்கு வந்த அன்று எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வின்ஸைச் சந்திக்கும்வரைதான் இருந்தது.

வின்ஸ் எங்கள் மேற்பார்வையாளர், மோல்டா தீவுக்காரர். குள்ளமான, அகன்ற மனிதர். வாளியொன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்து மண்டரின் தோடம்பழம் உரித்தபடிதான் வேலை வாங்குவார். அவர் குரல் உயர்ந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. எவனாவது ஏணியில் கால் வைத்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "விழுந்தால் எங்கே போய் நிற்பாய்?" அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் சொல்கிறேன்.

"கயிறு பிடிக்கும்" என்றேன் முதல் நாள்.

"எங்கே பிடிக்கும்? கணக்குச் சொல்."

கணக்கு இதுதான். கயிறு இரண்டு மீற்றர். விழும் வேகத்தைத் தாங்குவதற்காகக் கயிற்றில் ஒரு மடிப்புப் பை தைத்திருக்கும்; அது கிழிந்து நீள ஒன்றேமுக்கால் மீற்றர். பிறகு என் உயரம். அதற்கும் கீழே ஒரு மீற்றர் வெறும் இடம் வேண்டும். அந்தக் கடைசி மீற்றரை வின்ஸ் "கடவுளுக்கு" என்பார். எல்லாம் சேர்த்தால் ஆறரை மீற்றருக்குக் கிட்ட வரும். அன்று நான் ஏற இருந்த பண்டகசாலையின் உயரமோ ஐந்து மீற்றர். "அப்படியென்றால் உன் கயிறு வெறும் சோடனை" என்று சொல்லி, ஒரு தோடஞ்சுளையை என்னிடம் நீட்டினார். அன்று முழுக்கக் கூரை ஓரத்தில் கைப்பிடிக் கம்பி பூட்டினோம். ஏறாமல் செய்ய முடியுமா என்று முதலில் பார், முடியாவிட்டால் கம்பி போடு, அதுவும் முடியாவிட்டால்தான் கயிறு. ஹார்னஸ் கடைசி என்பது வின்ஸின் முறை. இன்றைக்கும் பலர் ஹார்னஸை மாட்டிவிட்டால் எல்லாம் சரி என்றுதான் நினைக்கிறார்கள்.

காலையில் வந்ததும் ஒவ்வொருவரும் தன் ஹார்னஸை எடுத்து, பட்டியை வளைத்து வளைத்து விரலால் தடவவேண்டும். வெட்டு, உரசல், பிரிந்த தையல், நெருப்புப் பட்ட இடம், எல்லாம் கண்ணுக்கு முதல் விரலுக்குத்தான் தெரியும். ஒருமுறை என் தொடைப்பட்டியில் சிகரெட் சுட்ட புள்ளி ஒன்றை வின்ஸ் கண்டுபிடித்தார். மிளகளவுதான் இருக்கும். கத்தியை எடுத்துப் பட்டியை இரண்டாக அறுத்துக் குப்பையில் போட்டார். நான் சிகரெட் விட்டது அந்தக் கிழமையில். அவர் ஏறும்போது சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். "மாதா பார்த்துக்கொள்வா என்றால் பிறகு ஏன் இவ்வளவு சோதனை?" என்று சீண்டினேன். "அவவுக்கு நிறைய வேலை இருக்கு. நாமும் கொஞ்சம் உதவி செய்யவேண்டும்" என்றார்.

இனிக் கோயிலுக்கு வருகிறேன். நகரத்துக்கு வெளியே, எங்கள் ஆட்கள் பல வருடம் சேர்ந்து கட்டிய கோயில். பெயர் வேண்டாம். புதிதாக எழுப்பிய கோபுரத்தில் சிலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வந்திருந்தார்கள். அவர்கள் பாதுகாப்பாக ஏறி இறங்கவும், கடைசியில் கும்பாபிஷேகத்தன்று குருக்கள் உச்சிக்குப் போய்க் கலசத்தில் தண்ணீர் ஊற்றவும் வழி செய்து கையெழுத்து வைப்பது எங்கள் பொறுப்பு. வின்ஸ் வேலையை என் தலையில் கட்டினார்.

"உன் ஆட்கள். நீ போ."

"அவர்கள் இந்துக்கள். நான் உங்கள் ஆள்" என்றேன்.

"பாஷை ஒன்றுதானே?"

பாஷை ஒன்றுதான். அதுதான் வில்லங்கமாகவும் போயிற்று.

முதல் நாள் கோயில் வாசலில் நின்றபோது என் காலில் இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்து. சட்டப்படி அதைப் போடாமல் சாரக்கட்டில் ஏறக்கூடாது. ஆனால் எதிரே கோபுரம். கோபுரம் என்றால் அது சாமிதான். அதற்குமேல் செருப்போடு எவன் ஏறுவான்? வெள்ளைக்காரனாக இருந்திருந்தால் யோசிக்காமல் ஏறியிருப்பேன். வேற்றுச் சமயத்தான் மரியாதை தெரியாமல் நடந்தான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற நினைப்பு எனக்கு. சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். கீழே நின்ற குருக்கள் கைகூப்பினார். எனக்கு ஒரே பெருமை.

மேலே சிற்பிகள் ஐந்து பேர். மூத்தவர் முருகேசன். தஞ்சாவூர்ப் பக்கம். எல்லோரும் வெறுங்கால்தான். கொடுத்த சப்பாத்துகள் பெட்டியிலேயே கிடந்தன. நான் என்ன வாயால் அதைக் கேட்பது? "நீங்களே கழட்டிட்டு வந்துட்டீங்க, உங்களுக்குத் தெரியாதா சார்" என்று முருகேசன் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஹார்னஸை மட்டும் ஒழுங்காகக் கட்டவைத்தேன். "இதக் கட்டிக்கிட்டுக் கையத் தூக்கவே முடியல சார், கல்யாண மாப்பிள்ளையாட்டம் நிக்க வேண்டியிருக்கு" என்று புலம்புவார். ஆனால் கொளுக்கியைக் கழற்றமாட்டார்.

மூன்றாவது கிழமை. அம்மன் சிலையின் தூக்கிய கைக்குச் சுதை பூச இடம் வேண்டுமென்று அந்தப் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியைக் கழற்றியிருந்தோம். நான் ஒரு தட்டுக் கீழே நின்று முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா!" என்று ஒரு குரல். அண்ணாந்து பார்த்தால் முருகேசன் காற்றில் தொங்குகிறார். பலகையில் கிடந்த ஆணி உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. காலை உதறியவர் கம்பி இல்லாத பக்கமாகச் சரிந்துவிட்டார். கயிறு பிடித்துக்கொண்டது. மடிப்புப் பை பாதி கிழிந்து நீண்டிருந்தது. காலிலிருந்து இரத்தம் சொட்டியது.

கயிற்றில் தொங்குபவன் தப்பிவிட்டான் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அப்படியல்ல. தொடைப்பட்டி இறுக்க இறுக்க, காலுக்குப் போன இரத்தம் மேலே திரும்பாது. பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் தொங்கினால் மயக்கம் வரும். அதற்கு மேல் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. தீயணைப்பு வண்டி வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. விழுந்தால் யார், எதை வைத்து, எப்படி மீட்பது என்பதை ஏறுவதற்கு முன்பே எழுதிவைக்கவேண்டும். எழுதி வைத்திருந்தேன். ஆனால் ஒத்திகை பார்க்கவில்லை.

மேல் தட்டுக்கு ஓடிப்போய், என் கொளுக்கியை மாட்டிவிட்டு, பலகையில் குப்புறப் படுத்து, பட்டி ஒன்றைச் சுருக்குப் போட்டு அவர் காலடிக்கு இறக்கினேன்.

"நல்ல காலை அதுக்குள்ள வையுங்கோ. வைச்சு எழும்பி நில்லுங்கோ."

"சார், கீழ பாக்கட்டுமா?"

"பாக்காதேங்கோ. என்னைப் பாருங்கோ. ஊரிலை ஆரார் இருக்கினம்? சொல்லுங்கோ."

"ரெண்டு பொண்ணு சார். பெரியவ நர்சிங் படிக்கிறா."

சுருக்கில் கால் வைத்து அவர் எழுந்து நின்றதும் தொடைப்பட்டி தளர்ந்தது. மற்ற நால்வரும் கப்பியைப் பூட்ட, எல்லோருமாக இழுத்து அவரைப் பலகையில் சேர்த்தோம். ஆறு ஏழு நிமிடம் சென்றிருக்கும். அம்புலன்ஸ் வருவதற்குள் அவர் கேட்ட முதற் கேள்வி, "அம்மன் கை ஒடைஞ்சுதா சார்?" என்பதுதான். உடையவில்லை என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

மதியத்துக்குள் வின்ஸ் வந்துவிட்டார். அறிவிக்கவேண்டிய இடத்துக்கு அறிவித்து, வேலையை நிறுத்தி, கோபுரத்தின் கீழே ஒரு வாளியைக் கவிழ்த்து இருந்தார். நான் வெறுங்காலோடு அவர் முன்னால் நின்றேன். அவர் என் கால்களைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"ஏன் கழற்றினாய்?"

சொன்னேன். மரியாதை, கோபுரம், சாமி, வேற்றுச் சமயம், எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டு முடித்து, குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினார். வலது காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. காலுறையையும் கழற்றினார். "காட்டு, எப்படி ஏறுகிறார்கள் என்று." அந்தப் பருத்த மனிதர் வெறுங்காலோடு உச்சிவரை ஏறி, காய்ந்த பலகை, ஈரப் பலகை, சுதை சிந்திய பலகை என்று எல்லாவற்றிலும் நின்று பார்த்தார். இறங்கிவந்து சொன்னார்: "காய்ந்த பலகையில் வெறுங்கால் நல்ல பிடி. ஈரத்தில் சறுக்கும். ஆணிக்கு ஒன்றும் செய்யாது. அவர்களுக்குச் சப்பாத்துப் பிரச்சினையா, சப்பாத்தில் இருக்கும் ஊத்தை பிரச்சினையா? போய்க் கேள்."

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவேண்டும். தமிழனான எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்ததால் கேட்கவில்லை. குருக்களிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தோல் கூடாது. தெருவிலை மிதிச்சது கூடாது. கடையிலையிருந்து நேரை மேலை போறதெண்டால் எனக்கொரு மறுப்பும் இல்லை." அவ்வளவுதான் விஷயம். தோல் இல்லாத, றப்பர் அடி வைத்த, முனை பலத்த துணிச் சப்பாத்துகள் ஏழு சோடி வாங்கினோம். பெட்டியோடு கோபுரத்தின் முதற் தட்டுக்குக் கொண்டுபோய் அங்கேதான் பிரித்தோம். இறங்கும்போது அங்கேயே கழற்றிவைப்போம். அந்தச் சப்பாத்துகள் கடைசிவரை மண்ணை மிதிக்கவேயில்லை. குருக்கள் அவற்றுக்கும் ஒருமுறை தண்ணீர் தெளித்தார். வின்ஸுக்கு அதில் பெரும் சந்தோஷம். தன்னுடையதற்கு இரண்டு தரம் தெளிக்கச் சொன்னார். முருகேசன் நான்கு கிழமையில் நொண்டிக்கொண்டு திரும்பிவந்து, அம்மனின் கண்ணைத் தானே திறந்தார்.

இனித்தான் குருக்கள் கதை. கும்பாபிஷேகத்தன்று அவர் கும்பத்தைத் தலையில் வைத்து மேளதாளத்தோடு கோயிலைச் சுற்றி வந்து, உச்சிக்கு ஏறி, நல்ல நேரத்துக்குள் கலசத்தில் ஊற்றவேண்டும். கும்பத்தோடு ஏணியில் ஏறமுடியாது என்று படிக்கட்டு வைத்த சாரக்கட்டு எழுப்பினோம். ஆனால் மேல் தட்டில் கலசத்தின் பக்கம் கைப்பிடிக் கம்பி இருக்கமுடியாது, ஊற்ற இடம் வேண்டும். கம்பி இல்லாத இடத்தில் கயிறு. ஆகவே குருக்களுக்கு ஹார்னஸ் என்று எழுதிக்கொடுத்தேன்.

கோயில் தலைவர் குலசிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. அவர் பல் வைத்தியர். மற்றவர்களை வாய் திறக்கவைத்துப் பழகிய மனிதர், தன் வாயையும் இலேசில் மூடமாட்டார்.

"என்ன கதைக்கிறியள் சூசை அண்ணை? ஆயிரக்கணக்கான சனம் பாத்துக்கொண்டு நிக்க, குருக்களை வார் போட்டுக் கட்டிறதோ? வீடியோவிலை எப்பிடி இருக்கும்? இரண்டு பொடியள் பக்கத்திலை நிண்டு இடுப்பிலை பிடிச்சுக்கொள்ளுவாங்கள். ஊரிலை அப்பிடித்தானே?"

"பிடிச்சால் மூண்டு பேரும் சேர்ந்து விழுவினம்" என்றேன்.

"கற்பூரமும் மேலை காட்டக்கூடாதெண்டு எழுதியிருக்கிறியள்!"

"கயிறு நைலோன். நெருப்புப் பட்டால் உருகும். பின்பக்கம் கயிறு, முன்பக்கம் ஒரு கை தள்ளித் தீபம், அப்பிடிக் காட்டலாம் எண்டுதான் எழுதியிருக்கிறன். வாசியுங்கோ."

வாசிக்கவில்லை. என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்கட மாதா கோயிலெண்டால் இப்பிடி மறிப்பீங்களே?"

எனக்கு முன்கோபம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அன்று கோபம் வரவில்லை, மனம் விழுந்துபோயிற்று. எங்கள் மாதா திருநாளுக்கு ஹார்னஸ் இல்லாமல் கொடிமரத்தில் ஏறிய என் சொந்த மச்சானை இறக்கிவிட்டு, ஒரு வருடம் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவன் நான். "ஹார்னஸ் இல்லாட்டில் நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து என் வான் வண்டியில் ஏறி இருந்தேன். கையெழுத்து இல்லாவிட்டால் யாரும் உச்சிக்குப் போகமுடியாது. கும்பாபிஷேகம் நின்றால் இந்தச் சனம் ஆயுளுக்கும் என்னை மன்னிக்காது. கையெழுத்து வைத்து ஐயா விழுந்தால் நான் என்னை மன்னிக்கமாட்டேன். எப்படிப் பார்த்தாலும் தப்ப வழியில்லை.

வானின் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். குருக்கள். தலையில் குடுமி, தோளில் சால்வை, அறுபதைத் தாண்டிய மனிதர். கதவைத் திறந்து பக்கத்து ஆசனத்தில் ஏறி இருந்தார்.

"சூசை, நான் ஒண்டு சொல்லுவன். நீர் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

"சொல்லுங்கோ ஐயா."

"எனக்கு உயரமெண்டால் பயம். சின்ன வயசிலையிருந்து. பந்தல் மேசையிலை ஏறினாலே கால் உதறும். இந்தக் கோபுரம் எழும்ப எழும்ப எனக்கு நித்திரை இல்லை."

"ஐயா, அப்ப ஹார்னஸ்…"

"தலைவர்தான் வேண்டாமெண்டவர். நான் எப்ப வேண்டாமெண்டனான்? எனக்கு இரண்டு கயிறாக் கட்டும்!"

இருவரும் வானுக்குள் இருந்து சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. அவர் பயம் இப்போது ஊருக்கே தெரியும், அவரே பிரசங்கத்தில் சொல்லிவிட்டார், அதனால்தான் எழுதுகிறேன். தலைவரிடம் குருக்கள் போய், "இது நான் கேட்டது" என்று ஒரே வார்த்தை சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு பத்து நாள் காலையில் ஒத்திகை. முதல் நாள் முதற் தட்டு, மறுநாள் இரண்டாவது, இப்படியே மேலே. ஹார்னஸ் புத்தம் புதிது, அவர் ஒருவருக்கு மட்டும். தண்ணீர் தெளிக்கலாம், எண்ணெய் மட்டும் படக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். பூணூல் உள்ளே, தோள்பட்டி வெளியே. வேட்டி என்ன செய்யும் என்று பயந்திருந்தேன். பஞ்சகச்சம் காலுக்கிடையால் போவதால் தொடைப்பட்டிகள் அதன்மேல் அளவாகப் பொருந்தின. கும்பம் ஊற்றுகிறவர் காலில் துணிச் சப்பாத்தும் கூடாது என்பதால் மேல் தட்டில் ஓட்டை வைத்த றப்பர் விரிப்புப் போட்டேன், ஊற்றும் தண்ணீர் நிற்காமல் வடியவேண்டும். தலைக்கு மேலே இரும்புத் தூலத்தில் ஒரு பெட்டி. காரின் சீட் பெல்ட் மாதிரி, மெதுவாக நடந்தால் கயிறு வரும், சடாரென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். ஒத்திகையில் குருக்கள் அதைத் தானே இழுத்து இழுத்துப் பூட்டிப் பார்ப்பார். கடைசி நாள் காலையில் உச்சியில் நின்று ஒருதரம் கீழேயும் எட்டிப் பார்த்தார். "பார்க்கிங்கிலை என்ர காருக்குப் பின்னாலை ஒருத்தன் மறிச்சு விட்டிருக்கிறான்" என்றார்.

கும்பாபிஷேகத்தன்று நல்ல வெயில். நாதஸ்வரம், தவில், சங்கு, கீழே தலையைத் தவிர வேறொன்றும் தெரியாத கூட்டம். குருக்கள் கும்பத்தோடு படியேறி வந்தார். நான் மேலே துணிச் சப்பாத்தோடு என் கயிற்றில் நின்று, அவருடைய முதுகு வளையத்தில் கொளுக்கியைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, "சரி ஐயா" என்றேன். அவர் கும்பத்தை இரண்டு கையாலும் ஏந்தி ஓரத்துக்கு ஒரு அடி வைத்தார்.

அந்த நேரம் தலைக்கு மேலே ஒரு இரைச்சல். ட்ரோன் ஒன்று வந்து பூவைக் கொட்டியது! தலைவரின் ஏற்பாடு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள்மேல், கலசத்தின்மேல், விரிப்பின்மேல், ஏற்கனவே தெளித்திருந்த ஈரத்தின்மேல் எல்லாம் ரோஜா இதழ். விரிப்பில் ஓட்டை இருந்து என்ன பிரயோசனம், இதழ் வடியாதே. நான் வாயைத் திறக்குமுன் குருக்களின் இடது கால் சறுக்கியது.

பெட்டி "டக்" என்று பூட்டியது. அவர் ஒரு சாண்கூட விழவில்லை. சரிந்த மனிதர் கலசத்துக்கு முன்னால் வலது முழங்காலில் நின்றார், ஒரு கால் வெளியே காற்றில். இரண்டு கையும் கும்பத்தை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தன. கீழே சனத்துக்கு என்ன தெரியும்? குருக்கள் பக்தி மேலிட்டு முழந்தாளிட்டார் என்று நினைத்து, "அரோகரா!" என்று கோபுரமே அதிரக் கத்தினார்கள்.

குருக்களின் கண் இரண்டும் பெரிதாக என்னைப் பார்த்தன. "விட்டிடாதையும் சூசை."

"நான் பிடிக்கேல்லை ஐயா. அது பிடிச்சிருக்கு. ஆறுதலா ஊத்துங்கோ."

காலை உள்ளே எடுத்துக்கொண்டார். எழும்பவில்லை. முழங்காலில் நின்றபடியே மந்திரத்தை ஒரு சொல் தவறாமல் சொல்லி முடித்து, கலசத்தில் ஊற்றினார். தீபத்தையும் நான் எழுதிக்கொடுத்தபடி ஒரு கை தள்ளிக் காட்டினார். கலசத்தில் பட்ட தண்ணீர் தெறித்து என் முகத்திலும் விழுந்தது. என் வேலை நாட்களில் அதைவிடச் சந்தோஷமான ஒரு நிமிடம் இல்லை.

கீழே இறங்கியதும் தலைவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐயா முழங்காலிலை இருந்து ஊத்தின வடிவு! வீடியோவிலை அந்த மாதிரி வந்திருக்கு. பாத்தீங்களே சூசை அண்ணை, ஒண்டும் நடக்கேல்லை. நீங்கள்தான் வீணாப் பயந்தனீங்கள்."

குருக்களைப் பார்த்தேன். அவர் மிகுந்த கவனத்தோடு சால்வையை மடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் அன்னதானத்துக்குப் போனபிறகு, மடப்பள்ளிக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்து படிவம் நிரப்பினேன். குருக்கள் வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன எழுதுறீர்?"

"கயிறு ஒருக்காப் பிடிச்சால் எழுதவேணும் ஐயா. அந்தப் பெட்டியையும் கழட்டிச் சோதனைக்கு அனுப்பவேணும்."

"நான் சறுக்கினதெண்டும் எழுதுவீரோ?"

"ஓம் ஐயா. உள்ளதைத்தான் எழுதவேணும்."

குனிந்து படிவத்தில் விரலை வைத்தார். "சரி, எழுதும். அதோடை இதையும் எழுதும்: ஒரு சொட்டுத் தண்ணியும் சிந்தேல்லை."

படிவத்தில் 'சேதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தேன்.